கனடா குடியுரிமை வாங்குவதா, பிஆரோடு நிற்பதா? இந்தியா திரும்பப் போகிறோம்

கேள்வி: பனிமனிதன்

வணக்கம். கனடாவில் பிஆராக (நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோடு) இருக்கிறேன். குடியுரிமைத் தேர்வு முடிந்துவிட்டது, உறுதிமொழி எடுக்க அழைப்பு வர வேண்டியதுதான் பாக்கி. இதற்கிடையில் ஊரில் அப்பாவுக்கு உடம்பு முன்போல் இல்லை. நான் ஒரே பிள்ளை. அடுத்த வருஷம் குடும்பத்தோடு திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மனைவியும் பிஆர்தான், இந்திய பாஸ்போர்ட். மகள் இங்கே பிறந்தவள், ஏழாவது படிக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் வாழ்நாள் விசா) எடுத்துவிட்டோம். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா பேரில் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது, பக்கத்து வயலும் விலைக்கு வருகிறது.

கனடா பாஸ்போர்ட் வாங்கினால் சொந்த நாட்டிலேயே விசாவில் இருப்பவன் ஆகிவிடுவேனே என்று உறுத்துகிறது. வாங்காமல் வந்தால் திரும்ப இங்கே வர வழி இருக்காது. இப்படித் திரும்பியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: கட்டுச்சோறு

வாங்காதீர்கள். ஓசிஐ பெயரில்தான் குடிமகன். ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை கிடையாது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பைப் பாருங்கள்: ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே ஓசிஐயை ரத்து செய்யலாம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். பேசாமல் பிஆரோடு திரும்புங்கள். அட்டை ஐந்து வருஷம் தாங்கும், முடிகிற நேரத்தில் ஒரு நடை போய்ப் புதுப்பித்தால் போயிற்று.

பதில்: வாசல்திண்ணை

மேலே உள்ள கடைசி வரியை நம்பி மூட்டை கட்டிவிடாதீர்கள் தம்பி. அட்டையின் காலாவதித் தேதி வேறு, பிஆர் தகுதி வேறு. ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஒரு நடை போய்வந்தால் அந்தக் கணக்கு நேராகாது. குடிமகனுக்கு அந்தத் தொல்லையே இல்லை, எத்தனை வருஷம் வெளியே இருந்தாலும் போய் இறங்கலாம். "வாங்கிய கையோடு கிளம்பினால் சிக்கலாகுமோ" என்ற பயமும் வேண்டாம். கனடாவில் தொடர்ந்து வாழ உத்தேசம் இருக்க வேண்டும் என்ற விதியை 2017-லேயே எடுத்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் கதை. நான் கனடா பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ. என் வீட்டுக்காரர் இந்தியக் குடிமகன், கனடா பிஆர். இருவரும் இந்தியாவில்தான் இருக்கிறோம், அவருடைய பிஆர் இன்னும் உயிரோடு இருக்கிறது. கனடா குடிமகனோ குடிமகளோ வெளிநாட்டில் வாழும்போது, கூடவே வாழும் கணவன் அல்லது மனைவியின் நாட்களும் அந்த 730-இல் சேரும். இதைச் சொல்வார் இல்லை. மாற்றினால் குடும்பமே மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒருவரும் மாற்றக்கூடாது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எதற்கு? ஆளுக்கொரு முடிவு எடுங்கள். நீங்கள் வாங்குங்கள், உங்கள் மனைவி இந்தியராகவே இருக்கட்டும். ஒன்று மட்டும், அவரை முதலில் அனுப்பிவிட்டு நீங்கள் ஆறப்போட்டு வராதீர்கள். யாரோடு யார் போனார் என்று பின்னால் அதிகாரி கேட்கலாம்.

வயல் விஷயமும் அதில் அடங்கிவிடும். அப்பாவின் நஞ்சை வாரிசாக உங்களுக்கு வருவதை ஓசிஐ தடுக்காது. ஆனால் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. மனைவி திரும்பி வந்து இங்கே குடியிருக்கத் தொடங்கிய பிறகு அவர் பேரில் வாங்கலாம். வெளிநாட்டில் இருக்கும்வரை இந்தியக் குடிமகனுக்கும் அதே தடைதான், ஆகவே இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

விசாவில் இருப்பவன் என்ற உறுத்தல் எனக்கும் இருந்தது. அன்றாடத்தில் அது பெரும்பாலும் தெரியாது. எத்தனை வருஷம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு கிடையாது, தனியார் வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம். வருமான வரியும் பெரும்பாலும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, இந்தியாவில் இருந்த நாள் கணக்கைத்தான் பார்க்கிறது. உறைக்கிற இடம் கவுண்டர்கள். ஏர்லைனில் பாஸ்போர்ட்டை நீட்டியதும் "விசா எங்கே?" என்பார்கள். ஓசிஐ புத்தகம் கைப்பையில் இல்லாமல் சூட்கேஸுக்குள் போயிருந்தால் அங்கேயே பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றதும் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்குதான் தருவோம் என்று நின்றார்கள். இங்கேயே குடியிருப்பவருக்குச் சாதாரணக் கணக்கு, குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மேலாளர் வரை போய்த்தான் புரிய வைத்தேன். ஆதாரும் கிடைக்கும், முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும்.

மகள் விஷயம்தான் முக்கியம். மத்திய அரசின் 4-3-2021 அறிவிப்புக்குப் பிறகு நீட் வழியாக ஓசிஐ பிள்ளைகளுக்கு என்ஆர்ஐ இடங்களும் கூடுதலாக உருவாக்கும் இடங்களும்தான். இந்தியக் குடிமக்களுக்கான இடங்களில் போட்டியிட முடியாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ பெற்றவர்களை இது பாதிக்காது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் மகளின் புத்தகத்தில் வழங்கிய தேதியைப் பாருங்கள். பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உறுதிமொழி எடுத்த கணமே, 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்புறம் இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யவே கூடாது. அதை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் ஓசிஐக்கே விண்ணப்பிக்க முடியும். பழைய பாஸ்போர்ட் ரத்து முத்திரையோடு திரும்பி வரும்போது கொஞ்சம் வயிற்றைப் பிசையும், சொல்லிவிடுகிறேன். ஓசிஐ கைக்கு வரும்வரை வேலையை விடுவது, வீட்டைக் காலி செய்வது எதுவும் வேண்டாம். நடுவில் அப்பாவைப் பார்க்க ஓட வேண்டியிருந்தால் விசா எடுத்துத்தான் வர வேண்டும்.

பதில்: மைக்கூடு

பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் இதில் ஏதாவது உண்டா? அதற்கெல்லாம் ஓசிஐக்காரர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நான் பத்திரிகைக்காரன், அதனாலேயே பாஸ்போர்ட்டை மாற்றவில்லை.

பதில்: நாலாம்பக்கம்

மனம் மாறினால் திரும்பவும் இந்தியராகலாம். ஓசிஐயாகப் பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும், கனடா குடியுரிமையைத் துறக்க வேண்டும். கட்டுச்சோறு அண்ணன் சொன்ன ரத்து ஆபத்து உண்மைதான். அதற்காக அறுபது வயதில் பிஆர் காலாவதியாகி விசா வரிசையில் நிற்பது மட்டும் என்ன சுகம்?

பனிமனிதன்

மிக்க நன்றி அக்கா. மகளின் ஓசிஐ 2014-இல் வழங்கியது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவளுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு நீங்கள் என்னென்ன எடுத்து வைக்கிறீர்கள்?

வாசல்திண்ணை

இருவர் பேரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு அறிக்கை, எங்கள் மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இருவர் பெயர், ஒரே விமானத்தில் வந்த போர்டிங் பாஸ். என் கனடா பாஸ்போர்ட்டின் நகலும் அவருடைய கோப்பில்தான் இருக்கிறது. மனைவியின் பிஆர் அட்டை எப்போது முடிகிறது? ஒன்பது மாதத்துக்குள் என்றால், கிளம்புவதற்கு முன்பே அங்கிருந்தே புதுப்பித்துவிடுங்கள்.