மறு: விரிசல் விட்ட டேஷ்போர்டின் மேல் ஒட்டும் மூடிக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார்களைச் சீர்செய்யும் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். விரிசல் விட்ட டேஷ்போர்டை மறைக்க அதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேலே விரிக்கும் துணி. மற்றது, டேஷ்போர்டின் வடிவத்திலேயே வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக். சிலிகோன் பசை தடவி ஒட்டுவது. இரண்டையும் 'உறை' என்றால் படிப்பவர் குழம்புவார். டேஷ்போர்டுக்கு இப்போதைக்கு 'முகப்புப் பலகை' என்று போட்டிருக்கிறேன்.

---

> முகப்புப் பலகை

இதை மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குதிரை வண்டியில் குளம்படிச் சேறு ஓட்டுபவர் மேல் தெறிக்காமல் தடுத்த பலகைதான் டேஷ்போர்டின் மூலம். 'தெறிபலகை' என்று வினைத்தொகையாக வைக்கலாம். கெட்டி மூடிக்கு 'முகப்போடு': முகப்பு + ஓடு.

---

ஐயா, காருக்குள் சேறு எங்கே தெறிக்கிறது? 'முகப்போடு' இன்னும் சிக்கல். "முகப்போடு ஒட்டவும்" என்று எழுதினால் மூன்றாம் வேற்றுமை உருபாகத்தான் படிப்பார்கள். 'மேலோடு' என்றால் நிலவியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

---

'கவசம்' வடசொல் என்பதால் யாரும் தொடவில்லை போலும். பதிற்றுப்பத்தில் அரசனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்று அழைக்கிறார்கள். மெய்யை மறைப்பது மெய்ம்மறை, அதாவது கவசம்; கெட்டி மூடிக்கு அதை வைக்கலாம். துணிக்கு, குறளில் யானைக்கு வரும் கட்படாம் (கண்ணை மறைக்கும் துணி) போல 'முகப்படாம்'.

---

> முகப்படாம்

படாம் 'பட' என்னும் வடசொல்லின் வழி என்போர் உண்டு. கவசத்தைத் தள்ளிவிட்டு இதை மட்டும் எப்படிச் சேர்ப்பது?

---

நான் வண்டிப் பழுது கற்பிப்பவள். பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். டேஷ்போர்டின் மேல்தோல் பெரும்பாலும் பி.வி.சி. அதை மென்மையாக வைத்திருக்கும் நெகிழ்ப்பான் வெயில் சூட்டில் மெல்ல வெளியேறுகிறது. தோல் இறுகிச் சுருங்கி வெடிக்கிறது. மேலே எதை ஒட்டினாலும் அடியில் இருக்கும் தோல் பழையபடி ஆகாது. அதனால் காப்பது என்ற பொருள் தரும் சொல் எதுவும் வேண்டாம், மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். 'ஒட்டுமூடி' போதும்: ஒட்டிய, ஒட்டுகின்ற, ஒட்டும் மூடி. துணிக்கு 'விரிப்பு'.

அப்புறம் ஒன்று. வெடிப்பின் விளிம்பு தூக்கியிருந்தால் சீவிச் சமமாக்கிவிட்டுத்தான் ஒட்டவேண்டும். பயணி பக்கத்து ஏர்பேக் வெளிவரும் இடத்தை மூடியோ விரிப்போ எதுவும் மறைக்கக் கூடாது. கையேட்டில் இது இல்லையென்றால், சொல்லைவிட முதலில் இதைச் சேருங்கள்.

---

நன்றி அம்மா. ஏர்பேக் எச்சரிக்கை ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. மேலே கொண்டுவரச் சொல்லி எழுதிவிட்டேன். 'ஒட்டுமூடி', 'விரிப்பு' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பலருக்கும் சம்மதம் என்றே தெரிகிறது. டேஷ்போர்டு டேஷ்போர்டாகவே இருக்கட்டும்.

---

எனக்குச் சம்மதம் இல்லை. மூடி என்றால் திறக்க வரவேண்டும். ஒட்டியபின் பெயர்த்தால்தான் வரும் ஒன்றை எப்படி மூடி என்பது? 'மெய்ம்மறை'யைச் சொற்பட்டியலில் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.