மறு: சுவருக்கும் ஸ்கர்ட்டிங் பலகைக்கும் நடுவே இழுக்கும் 'காக்'குக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சுவரின் அடியோரமாக ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைக்கக் குழாயிலிருந்து பிழியும் பசை போன்ற பொருள்தான் காக் (caulk). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்வியைக் கிளப்பியவன் நான்தான் என்பதால் இப்போது பதில் சொல்ல வேண்டிய முறை.

> 'விரிசல் நிரப்பி' என்றே வைத்துவிடலாமே. படித்தவுடன் பொருள் விளங்குகிறது.

விளங்குகிறது, ஆனால் தப்பாக விளங்குகிறது. லண்டனில் புதிதாக வீடு வாங்கிய நண்பர் ஒருவருக்காகத்தான் காக் இழுப்பதற்கான செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். முதல் வரைவில் 'விரிசல் நிரப்பி' என்றுதான் போட்டிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, பலகையில் ஆணி அடித்த குழிகளையெல்லாம் இதைக்கொண்டே நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். தேயவில்லை. ரப்பர் துகள் மாதிரி உருண்டு உருண்டு வந்து, குழி இருந்த இடத்தில் மறுபடி குழி. அவர் மேல் தப்பில்லை. நிரப்பி என்றால் நிரப்பத்தானே செய்வார்கள்?

இந்தப் பொருளின் குணமே காய்ந்த பிறகும் வளைந்துகொடுப்பதுதான். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஓட மரம் உலர்ந்து சுருங்கும், சுவருக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கோடு திறக்கும். கோடையில் அதே கோடு மூடிக்கொள்ளும். இந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுப்பதற்காகத்தான் அக்ரிலிக் காக். கெட்டிப்படும் எதை வைத்தாலும் அடுத்த தை மாதம் அது தனியாகப் பிரிந்து நிற்கும். அதனால் பெயரில் 'நிரப்பு' இருக்கிறதோ இல்லையோ, 'நெகிழ்' கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

> எங்கள் ஊரில் எல்லோரும் 'சிலிக்கான்' என்றுதான் சொல்கிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

இதில் நானே அடிபட்டவன். முதல் முறை அறைக்குச் சிலிக்கான்தான் அடித்தேன். கடையில் இரண்டு குழாய்களும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரத்தில், ஒரே வெள்ளையில் இருந்தன. மறுநாள் அதன் மேல் பெயின்ட் வைத்தால் சேப்பங்கிழங்கு இலையில் விட்ட தண்ணீர் போலத் திரண்டு ஓடியது. கத்தியால் சீவி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. சிலிக்கான் குளியலறைக்கு, கழுவுதொட்டி ஓரத்துக்கு. பெயின்ட் ஏற வேண்டிய இடத்துக்கு அது ஆகாது. ஆக, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவரைச் சீவ வைக்கிறோம்.

> தச்சர்கள் சொல்லும் 'மக்கு' இருக்கிறதே? புதுச்சொல் எதற்கு?

கோவை நண்பர் சொன்ன இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மரத்தின் வெடிப்பிலும் ஆணிக்குழியிலும் வைத்து அடைப்பது மக்கு. பெயின்டர்கள் சுவருக்குப் 'பட்டி பார்ப்பது' என்பதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். இரண்டும் காய்ந்தால் இறுகும், தேய்த்தால் வழவழப்பாகும். ஆகவே ஆணிக்குழிக்கும், வெளிமூலையில் இரண்டு பலகை சேரும் வெட்டுக்கும் மக்கு என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுவோம். காக்குக்கு அதோடு ஓர் அடைமொழி சேர்த்து 'நெகிழ்மக்கு' என்றால் என்ன? தச்சர் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லின் தம்பி மாதிரி இருக்கும். 'மக்கு என்றால் அறிவிலி என்றல்லவா நினைப்பார்கள்' என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். நினைத்தால் நினைக்கட்டும். வளைந்துகொடுக்கும் மக்கு எவ்வளவோ மேல்.

இனி கலப்பத்து. இதை நான் முன்மொழிந்து, பாதி பேர் ரசித்து, பாதி பேர் திட்டினீர்கள். எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர். நான் தரையில் குப்புறப் படுத்து இழுத்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வீட்டுக்குள்ள தோணி கட்டுறீரோ?" என்றார். அந்த ஒரு கேள்விதான் என்னை அகராதி பக்கம் தள்ளியது. கப்பல் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய குழம்பைப் பூசித் தண்ணீர் புகாமல் அடைக்கும் வேலைக்குப் பழைய அகராதிகளில் கலப்பத்து, கலப்பற்று என இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்து காக்கும் கப்பலிலிருந்து வீட்டுக்குள் வந்த சொல்தான். அதன் லத்தீன் வேருக்கு மிதித்து அழுத்துவது என்று பொருள்.

'கலம் + பற்று, தூய தமிழ்' என்று திருச்சி ஐயா பிரித்துக் காட்டியது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரபியிலும் துருக்கியிலும் போர்த்துக்கீசியத்திலும் இதே வேலைக்கு ஏறத்தாழ இதே ஒலியில் சொல் இருக்கிறது, ஐயா. துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கிய சொல் அது. நம் காது அதில் கலத்தைக் கேட்டுக்கொண்டது. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறையவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு கடலைப் பலகை இடுக்கில் தடுத்து நிறுத்திய வேலைக்கு உரிய பெயரை நான் ஒரு படுக்கையறை மூலைக்குக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். கலப்பத்து கப்பலிடமே இருக்கட்டும். என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

> பெயர் இருக்கட்டும், செய்முறைக்கான வினைச்சொற்களை யோசித்தீர்களா?

இங்கேதான் வேலை பாக்கி. பெயர்ச்சொல்லுக்கு அடித்துக்கொள்ளும் நாம் வினைச்சொல்லை 'அப்ளை செய்யவும்' என்று விட்டுவிடுகிறோம். என் குறிப்பில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

துப்பாக்கி என்று எழுத மனம் வரவில்லை. முறுக்கு பிழியும் அச்சைப் படுக்கப் போட்டால் அதுதான் இந்தக் கருவி. 'பிழிகுழல்' என்று போட்டேன். 380 மில்லி குழாயை அதில் ஏற்றி, மூக்கின் நுனியைச் சாய்வாக, 45 பாகையில் வெட்ட வேண்டும். மருதாணிக் கூம்பு வெட்டியவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டாம்: முதலில் மிகச் சிறியதாக வெட்டு, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். பெரிதாக வெட்டிவிட்டால் ஒட்ட வைக்க முடியாது. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் பெரிதாகத்தான் வெட்டுகிறார்கள்.

வெளியே வரும் நீளமான உருளைக்குத் 'திரி'. விளக்குத் திரி தடிமன்தான், மூன்று நான்கு மி.மீ. அப்படியானால் வினை 'திரி இழுப்பது'. கோலத்தில் கம்பி இழுப்பது போலக் கை நிற்காமல் போக வேண்டும். நின்ற இடத்தில் குமிழ் விழும். ஒரேயடியாக அறை முழுக்க இழுக்காமல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இழுத்துவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரே வழிப்பாக வழித்துவிட வேண்டும். இதற்கு 'மெழுகுதல்' என்று போட்டிருக்கிறேன். தரை மெழுகிய கைகளைப் பார்த்தவர்களுக்கு எவ்வளவு அழுத்தம், எவ்வளவு ஈரம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும். விரலில் சேர்வதை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் சுவரெல்லாம் வெள்ளைக் கைரேகை.

இடுக்கு ஐந்தாறு மி.மீ.க்கு மேல் இருந்தால் திரி உள்ளே விழுந்துவிடும், காயும்போது சுருங்கிப் பள்ளமும் ஆகும். அங்கே முதலில் நுரைக்கயிறு திணித்துவிட்டு அதன் மேல் இழுக்க வேண்டும். பாருங்கள், பஞ்சு திணித்துக் குழம்பு பூசிய அதே வரிசை.

இன்னொன்று. நெகிழ்மக்கு பலகையின் மேல் விளிம்பில், சுவரைத் தொடும் இடத்தில்தான். பிறகு உள்மூலைகளில். கீழே, லேமினேட் தரையைத் தொடும் இடத்தில் இழுத்து அடைக்கக் கூடாது. அந்தத் தரை விரிந்து சுருங்குவதற்காகவே ஓரத்தில் ஏறத்தாழ 10 மி.மீ. விட்டுப் போட்டிருப்பார்கள், அதை மறைக்கத்தான் பலகையே அங்கே நிற்கிறது. அப்புறம், தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அரைமணி நேரத்தில் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். மேலே பூசிய எமல்ஷன் வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடிக்கும். குழாயின் மேல் போட்டிருக்கும் நேரத்தை மதித்து, முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

ஸ்கர்ட்டிங் பலகைக்கு 'சுவரடிப் பலகை' என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். டைல்ஸ் போடும் மேஸ்திரிகள் ஸ்கர்ட்டிங் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதையும் அடைப்புக்குறியில் போட்டுவிடலாம்.

பெயர் கிடைக்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. பிழிகுழலின் பின்பக்கம் கட்டைவிரலால் அழுத்தும் தகடு. அதை அழுத்தினால்தான் தண்டு பின்வாங்கி, மூக்கிலிருந்து மக்கு வழிவது நிற்கும். இதை யாரும் சொல்லித் தராததால் என் வீட்டுக் கம்பளத்தில் இன்றும் உள்ளங்கை அகல வெள்ளைத் திட்டு ஒன்று கிடக்கிறது. 'விடுதகடு' என்று ஒரு பெயர் மனதில் ஓடுகிறது, அவ்வளவாகத் திருப்தி இல்லை. பட்டறையில், அச்சகத்தில், சைக்கிள் கடையில் இது போன்ற தகட்டுக்கு வேறு பெயர் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?