நூலகப் பணிக்கு அருகே பழைய கட்டடத்தில் விரிசல்: யாரை அணுகுவது?

எங்கள் பகுதியில் புது நூலகம் கட்டுகிறார்கள். அதில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் அதே வளாகத்தில் உள்ள பழைய வாசகசாலையை யாரும் கவனிக்கவில்லை. செங்கல், சுண்ணாம்புக் காரை, மரக்கூரை.

புது நூலகத்தின் அஸ்திவாரத்துக்கு பைல் (நிலத்தில் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கத் தொடங்கி 3 மாதம். அப்புறம்தான் ஜன்னல் வளைவின் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடியது. சுவர் நகர்கிறதா என்று பார்க்க விரிசலின் குறுக்கே ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு 10 நாளில் உடைந்தது. அப்படியென்றால் சுவர் இன்னும் நகர்கிறது. ஒப்பந்ததாரர் சிமென்ட் பூசி மூடினார். ஈரம் வெளியேற வழியில்லாமல் இப்போது செங்கல் மாவாக உதிர்கிறது, தொட்டாலே கையில் ஒட்டுகிறது.

தேதியிட்ட புகைப்படங்களோடு 2 மனு கொடுத்தேன். ‘பாரம்பரியப் பட்டியலில் இல்லை’ என்று பதில் வந்தது.

பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு, பைல் இறக்கும்போது வரும் அதிர்வை அளந்து அறிக்கை தர எந்த வகை நிபுணரை அணுக வேண்டும்?