53 விழுக்காட்டோடு எம்எஸ்சி இயற்பியலுக்கு விண்ணப்பிக்கலாமா, அல்லது முதலில் பிஎட் படிப்பதா?

கேள்வி – காவிரிக்கரை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பிஎஸ்சி இயற்பியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கில வழியில் சேர்ந்ததால், முதல் இரண்டு பருவங்களில் ஆங்கிலத்திலும் துணைப்பாடக் கணிதத்திலும் அரியர் விழுந்தது. பின்னர் அவற்றை எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டேன். ஐந்தாம் பருவத்தில் முதன்மைப் பாடங்களில் 65க்கு மேல் எடுத்திருக்கிறேன். ஆனாலும் ஐந்து பருவங்களையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 53 விழுக்காடுதான் வருகிறது. நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன்.

எம்எஸ்சி முடித்து, முடிந்தால் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். இந்த மதிப்பெண்ணுக்கு எம்எஸ்சி இடமே கிடைக்காது, பேசாமல் பிஎட் சேர்ந்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். பழைய அரியர்களை எந்த அளவுக்குப் பார்ப்பார்கள், நுழைவுத்தேர்வு எழுதினால் இந்த 53 மறைந்துவிடுமா, எதை முதலில் படிப்பது என்பவற்றைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற துறைத்தலைவர்

தம்பி, முதலில் அந்த 53 எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். நீங்கள் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம், சுற்றுச்சூழல் கல்வி என்று எல்லாவற்றையும் கூட்டி வகுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் மாநிலத்து அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் எம்எஸ்சி தரவரிசைக்குப் பொதுவாக எடுத்துக்கொள்வது பகுதி 3, அதாவது முதன்மைப் பாடங்களும் துணைப்பாடங்களும் அவற்றின் செய்முறைத் தேர்வுகளும் மட்டுமே. பகுதி 2 ஆங்கிலத்தில் நீங்கள் 41 எடுத்திருந்தாலும் அது அந்தப் பட்டியலுக்குள் வராது. எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களையும் மேசையில் பரப்பிவைத்து, பகுதி 3 என்று அச்சிட்ட வரிகளை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். இயற்பியல் மாணவர்களுக்குச் செய்முறை மதிப்பெண் பெரும்பாலும் கைகொடுக்கும் என்பதால் எண் சற்று மேலே ஏறும் என்றே எதிர்பார்க்கிறேன்.

அரியரைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். சேர்க்கைக் குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விண்ணப்பிக்கும் நேரத்தில் நிலுவை இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்; தேர்ச்சி பெற்றுவிட்ட தாளை எத்தனையாவது முறையில் எழுதினீர்கள் என்பது தரவரிசைக்குள் வருவதில்லை. முதலில் சரிந்து பிறகு ஏறிய மதிப்பெண் வரிசையைப் பார்த்து இரக்கப்படவும் எங்களுக்கு வழி இருந்ததில்லை, ஏனெனில் மாநில அரசுக் கல்லூரிகளின் சேர்க்கையில் விளக்கக் கடிதத்துக்கோ பரிந்துரைக் கடிதத்துக்கோ இடமே கிடையாது. எண்ணும் இடஒதுக்கீட்டுப் பிரிவும்தான் பேசும். இது நியாயமா என்பது தனி வழக்கு. உங்களுக்கு ஆறாம் பருவம் இன்னும் கையில் இருக்கிறது என்பதையும், அதில் வரும் தாள்கள் பெரும்பாலும் பகுதி 3-ஐச் சேர்ந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும்போது நகரத்துப் பெயர் பெற்ற கல்லூரிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மாவட்டத் தலைநகரங்களுக்கு வெளியே இருக்கும் அரசுக் கல்லூரிகளையும், உதவி பெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்பியல் முதுநிலையில் கடைசிச் சுற்றில் இடங்கள் மிஞ்சுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆய்வகம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சேருவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2 – மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியை

வீட்டில் பிஎட் என்று சொல்வதில் தவறில்லை, ஆனால் அவசரம் தேவையில்லை. நம் மாநிலத்தில் பிஎட் சேர்க்கைக்குப் பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கதவு உங்களுக்கு இன்றும் திறந்திருக்கிறது, எம்எஸ்சி முடித்த பிறகும் திறந்தே இருக்கும்.

முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்பது, இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், முதுநிலையில் 50 விழுக்காடு வேண்டும், பிஎட் வேண்டும் என்பதே. இளநிலையில் 40 எடுத்தால் தேர்ச்சி என்று வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை முதுநிலையில் தேர்ச்சிக்கே 50 கேட்கின்றன என்பதால், எம்எஸ்சியை முடித்தவருக்கு அந்த 50 தானாகவே அமைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உங்கள் இடத்தை முடிவு செய்வது வாரியத்தின் போட்டித் தேர்வு. அங்கே பிஎஸ்சியில் 53 எடுத்தவரும் 83 எடுத்தவரும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள்.

குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவை என்றால் மட்டும் கணக்கு மாறும். பிஎஸ்சியோடு பிஎட் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான போட்டியில் இறங்கலாம். அந்த நெருக்கடி இல்லையென்றால் எம்எஸ்சியை முதலில் முடியுங்கள் என்பதே என் கருத்து. குவாண்டம் இயக்கவியலையும் மின்காந்தவியலையும் இரண்டு ஆண்டு விட்டுவிட்டு மறுபடி தொடுவது எளிதன்று. பிஎட்டில் பாடத்திட்டக் குறிப்பேடும் கற்பித்தல் பயிற்சியும்தான் நேரத்தை விழுங்கும். எம்எட் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பள்ளி வேலைக்கு அது கட்டாயமில்லை. கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாளராகும் எண்ணம் வந்தால் எம்எட்டிலும் பாட முதுநிலையிலும் 55 விழுக்காடு கேட்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 – இயற்பியல் ஆய்வு மாணவர்

நுழைவுத்தேர்வு எழுதினால் 53 மறைந்துவிடுமா என்ற கேள்விக்கு, பாதி மறையும் என்று பதில் சொல்லலாம். எம்எஸ்சி சேர்க்கைக்காக ஐஐடிகள் நடத்தும் ஜாம் என்ற நுழைவுத்தேர்வில் 3 மணி நேரத்தில் 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். முதல் பகுதியில் மட்டும் தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் உண்டு, விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் பகுதியில் பிடித்தம் இல்லை. தரவரிசை முழுக்க இந்தத் தேர்வைக் கொண்டே அமைகிறது. ஆனால் சேர்க்கையின்போது பட்டப்படிப்பு மதிப்பெண் வாசலில் நின்று தடுக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, திருச்சி என்ஐடி போன்ற நிறுவனங்களுக்கு ஜாம் மதிப்பெண் வழியாக நடக்கும் பொதுக் கலந்தாய்வில், பொதுப்பிரிவினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் 60 விழுக்காடு அல்லது 6.5 தரப்புள்ளி சராசரி கேட்கிறார்கள். நல்ல தரவரிசை வாங்கியும் இதில் சிக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு முதுநிலைக்கான சியூஇடி, அதாவது பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அங்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தானே நிர்ணயிக்கிறது. எனவே கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தந்தத் துறையின் தகுதி வரியைப் படித்துவிடுங்கள்.

ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் உங்களுக்கு முக்கியமான எண் இனிமேல்தான் வரப்போகிறது. பிஎச்டி சேர்க்கைக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முதுநிலையில் 55 விழுக்காடு கேட்கின்றன. கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வராத இதர பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. ஆனால் ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்குமாக அறிவியல் பாடங்களில் நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் 55தான். 54.9 எடுத்துவிட்டு முழுமையாக்கிக் கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. அந்தத் தேர்வின் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், பிஎஸ்சி மதிப்பெண்ணைப் பற்றி அதன் பிறகு யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். ஆகையால் எம்எஸ்சி எந்தக் கல்லூரியில் என்பதைவிட, அங்கே முதல் பருவத்திலிருந்தே 60க்கு மேல் நிற்க முடியுமா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

காவிரிக்கரை மாணவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி பகுதி 3-ஐ மட்டும் கூட்டினேன், 57.4 வருகிறது. என்ஐடியை விட்டுவிட்டு, அரசுக் கல்லூரிகளுக்கும் சியூஇடிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். சியூஇடியில் விண்ணப்பப் படிவத்தில் 53 போடுவதா, 57.4 போடுவதா?

ஓய்வுபெற்ற துறைத்தலைவர்

தம்பி, படிவத்தில் எந்த மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள் என்பது அதன் அறிவுறுத்தலிலேயே இருக்கும். மொத்தம் என்று கேட்டால் மொத்தத்தையே போடுங்கள், முதன்மைப் பாடம் என்று கேட்டால் அதை மட்டும் போடுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் தரப்புள்ளியை விழுக்காடாக மாற்றும் முறையை மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தால், அதன் நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள்.