கிட்டார்ல பெண்ட் இழுத்தா நோட்டு செத்துடுது, லெஸ் பாலா ஆர்ஜியா?

மக்களே, ஒரு ஹெல்ப் வேணும். 2 வருஷமா வாசிக்கிறது ஒரு ஸ்ட்ராட் டைப் கிட்டார், 25.5 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), விரல் வைக்கிற ஃப்ரெட்போர்டோட ரேடியஸ் 7.25 இன்ச் (நம்பர் குறைஞ்சா வளைவு அதிகம்), 3 சிங்கிள் காயில் பிக்கப். கார்டு பிடிக்க அவ்ளோ சுகமா இருக்கும், அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா 6 மாசமா ராக் லீடு பக்கம் போனதுல இருந்து, முதல் கம்பியில 14வது ஃப்ரெட்டுல ஃபுல் பெண்ட் (கம்பிய பக்கவாட்டுல தள்ளி சுருதிய ஏத்துறது) இழுத்தா பாதியிலயே நோட்டு பொசுக்குனு செத்துடுது, கம்பி அடுத்த ஃப்ரெட்டுல உரசி ஒரு கிர்ர் மட்டும் மிஞ்சுது. கெயின் ஏத்துனா இரைச்சல் வேற.

10 கேஜ் கம்பிய எடுத்துட்டு இன்னும் மெல்லிசா 9 போட்டாச்சு, நெக் வளைவ சரி பண்ற ட்ரஸ் ராடும் பார்த்தாச்சு. 12வது ஃப்ரெட்டுல கம்பியோட உயரத்த, அதாவது ஆக்‌ஷன 1.6 மி.மீ.ல இருந்து 2.1க்கு ஏத்துனேன், பெண்ட் சரியாச்சு, ஆனா ஹேமர் ஆன் (விரலால கம்பிய தட்டியே நோட்டு எடுக்கிறது) வேகமா வரவே மாட்டேங்குது. ஃப்ரெட்டெல்லாம் லெவலாதான் இருக்கு, போர்டோட வளைவுதான் காரணம்னு டெக்னீஷியன் சொல்லிட்டார்.

இப்ப பட்ஜெட்டுக்குள்ள ரெண்டு இருக்கு. எபிஃபோன் லெஸ் பால், ஸ்கேல் 24.75 இன்ச், ரேடியஸ் 12, இரைச்சல் கம்மியான ஹம்பக்கர் பிக்கப், டியூனிங் நிக்கிற ஃபிக்ஸட் பிரிட்ஜ், ஆனா தோள்ல நல்ல கனம், மேல் ஃப்ரெட்டுக்கு கை போறதும் கஷ்டம். இன்னொண்ணு ஐபனெஸ் ஆர்ஜி, மெல்லிசான நெக், 24 ஃப்ரெட், போர்டு இன்னும் தட்டை, ஆனா நான் பார்த்ததுல ஃப்ளோட்டிங் ட்ரெமோலோ (ஸ்பிரிங் இழுவையில மிதக்கிற பிரிட்ஜ்), ஒரு கம்பி அறுந்தா மொத்த டியூனிங்கும் போயிடும்.

பெண்டிங்தான் முக்கியம், 5 வருஷத்துக்கு வேற வாங்க மாட்டேன்னா, இந்த ரெண்டுல எத எடுக்கலாம்?