எம்எம்எஸ்இ-யில் 20 மதிப்பெண், படிப்பு மூன்றாம் வகுப்பு: டிமென்ஷியா (மறதி நோய்) என்று எடுக்கலாமா?

கேள்வி: வெண்மதி
72 வயதுப் பெண்மணி, மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நினைவும் சிந்தனையும் பார்க்கும் எம்எம்எஸ்இ சோதனையில் 30-க்கு 20. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதில் 5-ம் போய்விட்டது. வாசித்துச் செய்தல், வாக்கியம் எழுதுதல், ஐங்கோணப் படம் மூன்றிலும் பூஜ்யம். மீதி இரண்டு போனது தேதியில் 1, மூன்று சொல் நினைவுகூர்தலில் 1. வீட்டுக் கணக்கு, மாத்திரை எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். 24-க்குக் கீழே போனால் சந்தேகிக்கச் சொல்கிறது கையேடு. மோகா என்ற இதே மாதிரியான இன்னொரு சோதனையை எடுத்து, படிப்பு குறைந்தவர்களுக்கு அதில் தரும் 1 மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டால் சரியாகுமா?

பதில்: நரம்பியல்_மாணவன்
மொத்தத்தை விட்டுவிட்டு, எங்கே போனது என்று பாருங்கள். போன 10-இல் 8 பள்ளிக்கூடம் கற்றுத்தருபவை. 1993-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் எம்எம்எஸ்இ-யின் இடைநிலை மதிப்பெண், 9 ஆண்டும் மேலும் படித்தவர்களுக்கு 29, 5 முதல் 8 ஆண்டு படித்தவர்களுக்கு 26, 4 ஆண்டு வரை படித்தவர்களுக்கு 22. வயது ஏற ஏற இன்னும் இறங்கும். எல்லாருக்கும் 24 என்று ஒரே கோடு போட்டால் படிக்காதவர்களில் பாதிப்பேர் நோயாளி ஆகிவிடுவார்கள்.

மோகா இவருக்கு இன்னும் மோசம். எண்ணும் எழுத்தும் மாற்றி மாற்றிக் கோடு இழுப்பது, கனசதுரம், கடிகாரம், ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்கள், எல்லாமே பேனா பிடித்துப் பழகியவருக்கானவை. 12 ஆண்டோ அதற்குக் குறைவோ படித்த எல்லாருக்கும் அதே 1 மதிப்பெண்தான். மூன்றாம் வகுப்புக்கு அது எந்த மூலைக்கு? படிப்பு குறைந்தவர்களுக்கென்றே மோகா-பேசிக் இருக்கிறது.

பதில்: கோமதி_செவிலியர்
ரூடாஸ் என்ற சோதனையைப் பாருங்கள். பல மொழி பேசும் மக்களுக்காக ஆஸ்திரேலியாவில் உருவானது. 30 மதிப்பெண், 22-ம் அதற்குக் கீழும் ஐயத்துக்குரியது. கடைச் சாமான் நான்கை மனப்பாடம் செய்து பிறகு சொல்வது (8), உடலில் இடம் வலம் காட்டுவது (5), கைகளை மாற்றி மாற்றி வைப்பது (2), கனசதுரம் (3), சாலையைக் கடக்கும் யோசனை (4), விலங்குப் பெயர்கள் (8). கனசதுரம் மட்டும் இங்கும் தொல்லைதான்.

கூடவே அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் ஐக்யூகோட் என்ற கேள்வித்தாளைக் கேளுங்கள், சுருக்க வடிவில் 16 கேள்வி. பத்தாண்டுக்கு முன் இருந்ததோடு இன்றைய திறனை ஒப்பிடுவதால் படிப்பின் தாக்கம் குறைவு. ஆனால் சொல்பவர் மனச்சோர்வில் இருந்தால் பதில் சாய்ந்துவிடும்.

கேள்வி: வெண்மதி
அவருடைய தாய்மொழியில் கேட்க எங்களிடம் ஆள் இல்லை. மகள் மொழிபெயர்த்தால் போதுமா?

பதில்: கோமதி_செவிலியர்
வேண்டாம். வீட்டார் அறியாமலே குறிப்புக் கொடுத்துவிடுவார்கள், தவறான பதிலைத் திருத்தியும் சொல்வார்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவம் இருந்தால் அதுவே எடுங்கள். அங்கேயே மொழிபெயர்த்தால் திருப்பிச் சொல்லும் வாக்கியம் எளிதாகிப்போகும், மதிப்பெண் பொய்யாக ஏறும். தொடங்குமுன் கண்ணாடி, காதுக்கருவி இரண்டும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

பதில்: பழைய_மரம்
எதிர்ப்பக்கமும் ஒன்று. எல்லாவற்றையும் படிப்பின் தலையில் கட்டிவிடாதீர்கள். குறைந்த படிப்பே டிமென்ஷியாவுக்கு ஓர் ஆபத்துக் காரணி. மதிப்பெண்ணை அளவுக்கு மீறித் திருத்தினால் உண்மையான நோய் நழுவும். இவர் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த நினைவுகூர்தல் 1-ம் தேதி 1-ம்தான். தைராய்டு, பி12, மனச்சோர்வு பார்த்துவிட்டு, 6 முதல் 12 மாதத்தில் அதே சோதனையை எடுத்து அவருடைய பழைய மதிப்பெண்ணோடே ஒப்பிடுங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் 28 வாங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சரிவு தொடங்கியிருந்தாலும்.

"எத்தனை வகுப்பு" என்பதோடும் நிற்காதீர்கள். கடிதம் வாசிப்பாரா, கணக்கு எழுதுவாரா என்று கேட்டுக் குறியுங்கள். வகுப்பு எண்ணிக்கையைவிட அது அதிகம் சொல்லும்.