ஞாயிறு நான்கு மணிக்கு வாசிகசாலையில்

வாசிகசாலை ஒழுங்கை அயலவர் குழு, திருகோணமலை
வெள்ளிக்கிழமை

நிறோஷன், காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். எமது ஒழுங்கையின் ஓரமாகச் செல்லும் வடிகானைக் கொங்கிறீட் மூடிகளால் மூடி, அதன்மேல் வீதியை அகலிப்பது பற்றி அயலவர்களின் கருத்தை எழுத்தில் தரும்படி சபையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இதற்காக வருகிற ஞாயிற்றுக்கிழமை பி.ப. 4.00 மணிக்கு வாசிகசாலையில் பொதுக்கூட்டம் நடைபெறும். 34 வீடுகளிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வரவேண்டும்.

நஸீர் நானா, காலை 6.44
வருகிறேன், தம்பி. கதிரைகள் போதாவிட்டால் கடையில் இருபது இருக்கின்றன.

செபஸ்தியான் அண்ணை, காலை 6.47
கடலால் வந்துவிடுவேன்.

ரஞ்சி அக்கா, காலை 6.52
வீட்டுக்கு ஒருவர் என்றால் எல்லா வீட்டிலிருந்தும் ஆண்கள்தான் வருவார்கள், நிறோஷன். போனமுறையும் அப்படித்தான் நடந்தது. தண்ணீர் ஏறினால் அரிசி வாளியைத் தூக்கி வைப்பதும், பிள்ளைகளின் புத்தகங்களை அலுமாரிக்கு மேல் அடுக்குவதும், விடிய விடிய இறைப்பதும் நாங்கள். வடிகான் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்கும் நேரத்தில் மட்டும் எங்களை யாரும் தேடுவதில்லை. வரக்கூடிய எல்லோரும் வரவேண்டும் என்று மாற்றி எழுதுங்கள்.

நிறோஷன், காலை 6.55
சரி அக்கா, மாற்றிவிடுகிறேன்.

சுதா, காலை 6.58
நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். நாங்கள் வரலாமா, அல்லது வீட்டுக்காரர்தான் வரவேண்டுமா?

லிகிதர் மாமா, காலை 7.09
பிள்ளை சுதா, நீங்கள் கட்டாயம் வரவேண்டும். அந்த வீட்டில் நான்கு மாரி இருந்திருக்கிறீர்கள். நான்கு மாரியிலும் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டில் உறுதியை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது.

இனிக் கூட்டம் பற்றி. 31 வருடம் உள்ளூராட்சி அலுவலகங்களில் லிகிதராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். போன கூட்டத்தில் நாங்கள் வந்து அமர்ந்ததும் கோடு போட்ட தாள் ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். தாளின் தலைப்பில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. வரவுப் பதிவு என்று எண்ணி, பதினொரு பேர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையொப்பமிட்டோம். ஆறு மாதம் கழித்து வேறொரு அலுவலாகப் போனபோது, அதே தாள் “வேலைக்குச் சம்மதம் தெரிவித்தோர்” என்ற கடிதத்தின் பின்னிணைப்பாகக் கோப்புக்குள் இருப்பதை என் கண்ணால் கண்டேன். ஏழாவது வரியில் என் கையொப்பம். அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் எழுந்து ஆட்சேபித்தது அந்தக் கோப்பில் எங்குமே இல்லை.

ஆகவே இந்தமுறை தாளின் தலைப்பை நாங்களே எழுதவேண்டும்: திகதி, இடம், “கூட்டத்துக்கு வந்தோரின் வரவு மட்டும், இது சம்மதப் பத்திரம் அன்று.” கூட்டறிக்கையையும் அங்கேயே எழுதி, யார் எதைச் சொன்னார், யார் மறுத்தார் என்பதையெல்லாம் கலைந்துபோகுமுன் உரத்து வாசித்துவிட்டுத்தான் எழும்பவேண்டும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கையளித்து, எங்களுடைய பிரதியில் திகதி முத்திரை வாங்கவேண்டும். முத்திரை இல்லாத பிரதியைக் காட்டி நாளைக்கு எவரிடமும் நியாயம் கேட்க முடியாது.

நிறோஷன், காலை 7.14
கூட்டறிக்கையை யார் எழுதுவது, மாமா?

லிகிதர் மாமா, காலை 7.15
ரஞ்சி எழுதட்டும். அவளுடைய எழுத்து தெளிவு.

ரஞ்சி அக்கா, காலை 7.16
எழுதினால் நான் எப்போது பேசுவது? வேறு யாராவது எழுதுங்கள்.

நஸீர் நானா, காலை 7.20
இன்னொரு விடயம். ஒழுங்கையின் மேல்முனையில் இருக்கும் இரண்டு சிங்களக் குடும்பங்களுக்கும் அறிவித்தலைத் தமிழில் மட்டும் கொடுத்தால் போதாது. என் மகள் இன்றைக்கே சிங்களத்தில் எழுதித் தருவாள். கூட்டத்திலும் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கச் சொல்கிறேன்.

நிறோஷன், காலை 7.21
நன்றி நானா. அதை நான் யோசிக்கவில்லை.

பவானி அன்ரி (ஸ்காபரோ), காலை 7.26
அண்ணா, நான் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே இரவு பத்து மணியாகிறது. வெளிநாட்டில் உறுதியை வைத்திருப்பவர்கள் என்று நீங்கள் எழுதியது எனக்குத்தான் என்று விளங்குகிறது. சோலைவரி ஒரு வருடமும் பிந்தாமல் நான் அனுப்புகிறேன். வீதியை அகலிப்பதென்றால் முதலில் எங்கள் மதிலில்தான் கைவைப்பார்கள். அப்பா வாங்கிய காணியில் ஓர் அங்குலமும் விடமுடியாது என்று என் சார்பில் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

ரஞ்சி அக்கா, காலை 7.33
பவானி அன்ரி, மனவருத்தத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் மதிலடியில்தான் வடிகான் ஒடுங்குகிறது. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் ஒவ்வொரு மாரிக்கும் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் கரிக்கட்டியால் கோடு போட்டு வருடத்தை எழுதி வைத்திருக்கிறேன். கிழக்கு மாகாணமே தண்ணீரில் கிடந்த 2011 தை மாத வெள்ளத்தின் கோடுகூட என் முழங்காலுக்குக் கீழேதான் நிற்கிறது. 2013 இல் மதில் கட்டிய பிறகு, இரண்டு நாள் சாதாரண மழைக்கே அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. போன மாரியில் எரிவாயு சிலிண்டர் மிதந்து கதவில் வந்து இடித்த சத்தத்தில்தான் நான் கண்விழித்தேன்.

செபஸ்தியான் அண்ணை, காலை 7.41
மதில் மட்டும் காரணமில்லை, ரஞ்சி. வடிகான் கடலில் விழுகிற வாயையும் பார்க்கவேண்டும். கச்சான் காலம் முழுவதும் அலை மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும். முன்பு ஐப்பசி பிறக்குமுன் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் மண்வெட்டியுடன் போய் ஒரு காலை வேலையாக வெட்டிவிடுவோம். அதற்கு யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை. இப்போது சபை வெட்டும் என்று நாங்கள் இருக்கிறோம், கேட்டால் வெட்டுவோம் என்று அவர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் மேலே எவ்வளவு கொங்கிறீட் போட்டாலும் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள்தான் வரும்.

லிகிதர் மாமா, காலை 7.44
இதைக் கூட்டறிக்கையில் முதலாவதாக எழுதவேண்டும்.

நஸீர் நானா, காலை 7.50
இன்று காலை கடையைத் திறக்கும்போது ஒரு பெண்மான் வடிகானுக்குள் தலையை விட்டு, மீன் கழுவி எறிந்த பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. கிட்டப்போய் இழுத்தேன், பாதி ஏற்கெனவே தொண்டைக்குள் போய்விட்டது. கையில் கிடைத்த மீதியோடு நான் நிற்க, அது கோட்டைப் பக்கமாக நடந்துபோனது. வடிகானை மூடினால் இந்த வாயில்லாச் சீவன்களாவது தப்பும்.

செபஸ்தியான் அண்ணை, காலை 7.53
மூடினாலும் பை உள்ளே போகும், நானா. இப்போதென்றால் கம்பால் கிளறியாவது எடுக்கிறோம். பிறகு எப்படி எடுப்பது?

சுதா, காலை 8.02
நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். நாடு முழுவதும் 180,000 க்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்த 2017 இல், கிண்ணியாவில் அது பரவிய நாட்களில் நான் பயிற்சித் தாதி. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்னும் மறக்கவில்லை. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதம் காய்ந்தபடி ஒட்டியிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். மூடிகளுக்குக் கீழே சரிவு பிழைத்து ஓரிடத்தில் தண்ணீர் தேங்கினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் அவருடைய கண்ணுக்குத் தெரியாது. மூடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடிகள் இரண்டு பேர் தூக்கக்கூடிய அளவாகவும், சரிவு சரியாகவும் இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

லிகிதர் மாமா, காலை 8.15
நல்ல கேள்வி, பிள்ளை. ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் வரைபடத்தையோ மதிப்பீட்டையோ எங்களுக்கு எவரும் காட்டவில்லை. வந்திருப்பது ஒரு பக்கக் கடிதம் மட்டுமே. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்த நாட்டின் பிரசை எவரும் அவற்றைக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்கவேண்டும், மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக்கொடுக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வரைபடத்தைக் கண்ட பின்னரே கருத்துச் சொல்வோம் என்றும், அதற்கிடையில் மாரி தொடங்குமுன் கடல்வாயை வெட்டித் தரவேண்டும் என்றும் எழுதினால் போதும்.

நிறோஷன், காலை 8.19
எழுதித் தருவதற்கு இந்த மாதம் 20 ஆம் திகதிதான் கடைசி நாள், மாமா. அதற்குள் 14 வேலைநாள் ஆகாது.

லிகிதர் மாமா, காலை 8.21
அப்படியானால் கால அவகாசமும் கேட்டு எழுதவேண்டும். வட்டார உறுப்பினருக்குச் சொன்னாயா? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரை, முறையிடுவதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோம். இப்போது இருக்கிறார், வந்து கேட்கட்டும்.

நிறோஷன், காலை 8.23
சொன்னேன். முடிந்தால் வருவதாகச் சொன்னார்.

நஸீர் நானா, காலை 8.25
கட்சிக்காரர் வந்தால் கூட்டம் வேறு திசைக்குப் போகும்.

ரஞ்சி அக்கா, காலை 8.27
வரட்டும், நானா. எங்கள் முன்னால் சொன்ன வார்த்தையைப் பிறகு மாற்றுவது அவருக்கும் கஷ்டம். பெண் உறுப்பினர் ஒருவரையும் அழையுங்கள். 25 வீதம் ஒதுக்கியது அதற்குத்தானே.

பவானி அன்ரி (ஸ்காபரோ), காலை 8.31
மதிலைப் பற்றி ரஞ்சி சொன்னதற்கு அண்ணா ஒரு பதிலும் சொல்லவில்லை.

லிகிதர் மாமா, காலை 8.52
பவானி, உனக்குத் தனியாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ரஞ்சியின் வீட்டுக்குள் தண்ணீர் போகிற விடயத்தை ரஞ்சிக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் பேசுவது சரியில்லை. 2013 இல் அந்த மதிலுக்கு நூல் பிடித்தபோது மேற்பார்வைக்கு நின்றவன் நான். நில அளவையாளர் நட்ட எல்லைக்கல் மதிலுக்கு உள்ளே, சுமார் இரண்டு அடி தள்ளி, மண்ணுக்குக் கீழே இருக்கிறது. மேசன் கல்லைக் காட்டி, “ஐயா, நூலை உள்ளே எடுக்கவா?” என்று கேட்டார். வடிகான் கரைதானே, நேராகப் போகட்டும் என்று சொன்னது நான். அப்பா வாங்கிய காணி அந்தக் கல்லோடு முடிகிறது. கூட்டத்துக்கு வருகிறவர்களை உண்மையை எழுதும்படி கேட்டுவிட்டு, இதை நான் மறைத்து வைத்திருக்க முடியாது. ரஞ்சி, அந்தக் கோடுகளில் சில என்னால் வந்தவை.

ரஞ்சி அக்கா, காலை 8.58
மாமா, நீங்கள் சொன்னதே போதும். கூட்டத்தில் மற்றவற்றோடு சேர்த்துப் பேசுவோம்.

பவானி அன்ரி (ஸ்காபரோ), காலை 9.03
இதை இத்தனை வருடமாக என்னிடம் சொல்லாமல், இன்றைக்குக் குழுவில் சொல்கிறீர்கள். எனக்கு இப்போது எதுவும் எழுத வரவில்லை, அண்ணா.

சுதா, காலை 9.10
ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாலை வேலை. கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்க முடியுமா?

செபஸ்தியான் அண்ணை, காலை 9.12
காலையில் பூசை இருக்கிறது. பதினொரு மணிக்குப் பிறகென்றால் எனக்குப் பிரச்சினை இல்லை.

நஸீர் நானா, காலை 9.13
பதினொரு மணிக்குக் கடையில் ஆள் இருக்காது. நான்கு மணியே நல்லது.

நிறோஷன், காலை 9.20
நேரத்தை இரவுக்குள் முடிவுசெய்து அறிவிக்கிறேன். அதுவரை நான்கு மணி என்றே வைத்துக்கொள்வோம். சுதா அக்கா, நீங்கள் வர முடியாவிட்டால் சொன்னவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். கூட்டத்தில் வாசித்துக் கூட்டறிக்கையோடு இணைப்போம். ரஞ்சி அக்கா, கதவு நிலையின் படத்தை அளவுநாடாவோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.

லிகிதர் மாமா, காலை 9.26
நிறோஷன், நாளை காலை ஆறரைக்கு மண்வெட்டியோடு வா. கல்லைத் தோண்டியெடுத்து, மதிலுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதுவோம். நாடாவின் மறுமுனையை ரஞ்சி பிடிக்கட்டும்.

பவானி அன்ரி (ஸ்காபரோ), காலை 9.48
அண்ணா, தோண்டும்போது மதிலை ஒட்டி அம்மா வைத்த செவ்விளநீர் நிற்கிறது. வேரைப் பார்த்துத் தோண்டுங்கள்.